துரும்பு கிள்ளியது யார்?

“துரும்பா?” என்றார் வக்கீல் நேசகுமார்.

“ஆமா சார். துரும்புதான்,” என்றான் ரமணா.

“அதாவது பேப்பர் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டே, பொண்டாட்டி தீர்ந்து போயிட்டா?”

“கெங்கம்மா கோயில் எதிர்ல சார். நாட்டாண்மை முன்னால. எங்க ஜனத்துல அதான் வழக்கம்.”

நேசகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தூரில் மிஷன் காலத்துச் சபைக் குடும்பம் அவருடையது. “எங்க சர்ச்சுல கட்டறதுக்கே மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும்ப்பா, யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு. நீங்க தீர்த்துக்கறதையே ஒரு துரும்புல முடிச்சுட்டீங்க!”

ரமணாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவனுக்குக் கோபம் வர அதிக நேரம் ஆவதில்லை. குவைத்தில் ஒரு ஷேக் வீட்டில் வண்டி ஓட்டிய காலமெல்லாம் அதை அடக்கி அடக்கி வைத்திருந்தான். ஊருக்கு வந்து இறங்கியதும் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டிருந்தான்.

“சிரிக்கறதுக்கா சார் உங்கள வக்கீல் வெச்சேன்? கேஸ் நிக்குமா நிக்காதா, அத்தச் சொல்லுங்க.”

பிரச்சினை என்னவோ சின்னதுதான். திருப்பதியில் அவனுக்கு ஒரு பெண் நிச்சயமாகும் போல இருந்தது. பெண்ணின் அப்பா கோபிகிருஷ்ணன் யாத்திரிகர்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்புகள் வைத்திருந்தவர். மாப்பிள்ளை குவைத் ரிட்டர்ன், செண்ட் வாசனை, கையில் தங்க வாட்ச், எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. துரும்பு மட்டும்தான் பிடிக்கவில்லை.

“துரும்பை ஃபிரேம் போட்டு மாட்டறதா? நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து எங்க வாசல்ல நின்னா நான் துரும்பையா எடுத்துக் காட்டுவேன்? கோர்ட்டு காயிதம் கொண்டாப்பா. அப்புறம்தான் முகூர்த்தம்,” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் இருந்தது. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ரமணாவின் வீடு. அதை விற்று மாமனாரோடு சேர்ந்து ஜீப் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. ஆனால் அந்த வீட்டுக்குள் யமுனா இருந்தாள். துரும்பு கிள்ளிப்போடப்பட்ட பிறகும் இருந்தாள். போ என்றால் போகாமல் இருந்தாள்.

அந்த வீட்டுக்கு அஸ்திவாரக் கல் சுமந்தது இரண்டு பேரும்தான். சுவர் எழும்பி, கூரை போடுவதற்கு முன்னால் ரமணாவுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. “கூரையைப் போட்டுட்டுப் போயேன்யா. மழைக்காலத்துல நான் எங்க குந்துறது?” என்று யமுனா கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. போகிற நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறாள் என்று ரமணா குதித்தான். வார்த்தை வளர்ந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தனக்குப் பெரியப்பா முறையான நாட்டாண்மை வேதாச்சலத்தின் வீட்டுக்குப் போய், “இப்பவே தீத்து வுடு பெரிநைனா,” என்று நின்றான்.

அந்த ஊரில் துரும்பு கிள்ளி ரொம்பக் காலமாகியிருந்தது. வேதாச்சலத்துக்கோ தன் பதவிக்கு ஒரு வேலை வந்ததில் உள்ளூர சந்தோஷம். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கோயில் எதிரே வந்து, தொண்டையைச் செருமி, குலம் கோத்திரம் எல்லாம் சொல்லி நிதானமாக ஆரம்பித்தார். ரமணா துரும்பைக் கிள்ளிப் போட்டான். வேதாச்சலம் விரலை உயர்த்தி, “இப்ப எல்லாரும் கேட்டுக்கோங்க...” என்று அடுத்ததற்குப் போனார். அதற்குள் புத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. பெட்டியோடு பாய்ந்து ரமணா ஏறிவிட்டான். யமுனா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை நின்று கேட்டாள்.

அதற்கப்புறம் குவைத்திலிருந்து அவளுக்கு ஒரு போன் கூட வரவில்லை. மாங்காய் சீசனில் பங்காருபாளையம் மண்டியில் கூடை சுமந்தாள். சீசன் இல்லாதபோது கண்டவர் கழனியில் களை பிடுங்கினாள். கூரையை அவளே போட்டாள். இப்போது வந்து காலி பண்ணு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

நேசகுமார் கேஸ் நிற்கும் என்றார். “வழக்கப்படி தீர்த்துக்கிட்டா சட்டமே ஒத்துக்குது. ஆனா அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நிரூபிக்கணும். அதுக்கு முன்னால கல்யாணம் ஆச்சுன்னு நிரூபிக்கணும்.”

“இன்னா சார் இது? கல்யாணம் வேணாம்னுதானே நானே வந்துக்கிறேன்!”

“ஆகாத கல்யாணத்தை எப்படிப்பா தீர்க்கறது?”

ரமணா பல்லைக் கடித்தான். நேசகுமார் பேனாவைத் திறந்தார். “ரெண்டு பேரும் மனசொத்து, சேர்ந்து கிள்ளினதா எழுதிடறேன். பாக்க கௌரவமா இருக்கும். கோர்ட்டுக்கும் பிடிக்கும்.”

“எப்படியாவது எழுதுங்க சார். எனக்குக் காயிதம் வந்தா சரி.”

*

சித்தூர் கோர்ட்டில் முதல் வாய்தா. பின்பெஞ்சில் கோபிகிருஷ்ணன் வந்து உட்கார்ந்திருந்தார், மருமகனாகப் போகிறவனின் யோக்கியதையைப் பார்க்க. ஜட்ஜ் தெலுங்குக்காரர். தமிழும் தாராளமாகப் பேசுவார். “ஏமய்யா ரமணா, பெள்ளி ஜரிகிந்தா லேதா? கல்யாணம் நடந்ததா இல்லையா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

“நடந்துச்சு சார்.”

“எப்படி நடந்தது? ஐயர் வந்தாரா? அக்னி வளர்த்தீங்களா? போட்டோ இருக்கா?”

“எங்க ஜனத்துல ஐயர் கிடையாது சார். நாட்டாண்மை தாலி எடுத்துக் குடுப்பாரு.”

“எப்படி நம்பறது?”

நேசகுமார் அவன் காதில் குசுகுசுத்தார். “சும்மா நின்னா எப்படி? விவரமா சொல்லு. ஜோரா நடந்துச்சுன்னு சொல்லு.”

ரமணா சொன்னான். மேளம் வந்ததைச் சொன்னான். மாலை மாற்றியதைச் சொன்னான். கிடா வெட்டிப் பந்தி போட்டதையும், யமுனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றியதையும் சொன்னான். சொல்லச் சொல்லப் பின்பெஞ்சில் கோபிகிருஷ்ணனின் முகம் கறுத்துக்கொண்டே போனது. ரமணாவுக்கு வியர்த்தது. ஒரு கல்யாணத்தை ஒழிக்க வந்தவன் அதை இவ்வளவு நன்றாகச் செய்து காட்டியிருக்க வேண்டியதில்லை.

ஜட்ஜ் யமுனாவைப் பார்த்தார். அவள் வக்கீல் வைக்கவில்லை. நானே பேசிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

“நிஜமாம்மா?”

“நிஜம்தான் சார். கட்டுனாரு. மூணாவது முடிச்சு போட வராம கை நடுங்கினு நின்னாரு. அவங்க அக்காதான் போட்டாங்க.”

கோர்ட்டே சிரித்தது. ரமணாவுக்கு ஜிவ்வென்று ஏறியது. “அது வழக்கம் சார்! நாத்தனார் முடிச்சு! கை ஒண்ணும் நடுங்கல!”

“சரி சரி. ரெண்டு பேரும் சேர்ந்து துரும்பு கிள்ளினீங்களாமே?”

“நான் துரும்பைத் தொடவே இல்ல சார்,” என்றாள் யமுனா.

ஜட்ஜ் மனுவைப் புரட்டினார். நேசகுமாரைப் பார்த்தார். நேசகுமார் கூரையைப் பார்த்தார். மனு ஒன்று சொல்கிறது, இந்தம்மா ஒன்று சொல்கிறாள், யோசித்துவிட்டு வாருங்கள் என்று அடுத்த வாய்தா கொடுத்துவிட்டார் ஜட்ஜ்.

வெளியே வந்ததும் கோபிகிருஷ்ணன் பிடித்துக்கொண்டார். “தோள்ல தூக்கினியா? எங்க பொண்ணுகிட்ட பொம்மைக் கல்யாணம் மாதிரி ஏதோ நடந்துச்சுன்னு சொன்னியே!”

“கேஸுக்காகச் சொன்னேன் மாமா.”

“கேஸுக்காக இவ்ளோ சொன்னா, நெசமா எவ்ளோ நடந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டு அவர் திருப்பதி பஸ்ஸைப் பார்த்துப் போனார்.

*

ஊருக்குப் போக சாயங்காலம் ஒரே பஸ். வாதியும் அதில்தான் போக வேண்டும், பிரதிவாதியும் அதில்தான். யமுனாவுக்கு ஜன்னலோரம் சீட் கிடைத்தது. ரமணா அவள் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

“ஊட்டைக் காலி பண்ணிட்டா கேஸே வேணாம். மரியாதையா சொல்றேன்.”

“எந்த ஊட்டை?”

“என் ஊட்டை!”

யமுனா திரும்பினாள். கோர்ட்டில் அடக்கமாகப் பேசிய யமுனாவாக இல்லை இப்போது. “உன் ஊடா? அந்த ஊட்டுக்குக் கூரை இருக்குதே, அத்த எவன் போட்டான்? மழை கொட்டுறப்ப கட்டிலைத் தலைமேல கவுத்துக்கினு குந்தியிருந்தேனே, அப்ப எங்க போயிருந்தே நீ? தோள்பட்டை தோலு உரிஞ்சு போச்சுய்யா எனக்கு, கூடை சுமந்து சுமந்து! ஒரு போனு? செத்தாளா இருக்காளான்னு ஒரு வார்த்தை? இப்ப செண்ட் அடிச்சினு வந்து என் ஊடுன்றியே, வெக்கமா இல்ல உனக்கு?”

வேர்க்கடலை மூட்டையோடு வந்திருந்த ஒரு பெரிய அம்மா, “நல்லா கேட்டேம்மா,” என்றாள். கண்டக்டர் கூட விசில் ஊத மறந்தார். பதில் தெரியாதபோது கத்துவதுதான் ரமணாவின் பழக்கம்.

“கோர்ட்ல பாத்துக்கறேண்டி உன்ன! நான் யாருன்னு காட்டறேன்!”

“காட்டு,” என்று யமுனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

அடுத்தது லோக் அதாலத். சமாதானம் பேசி முடிக்கிற நாள். மேஜையைச் சுற்றி நாற்காலிகள், எல்லோருக்கும் டீ. ஜட்ஜ் அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

“எதுக்கு இழுத்துக்கிட்டு? ரெண்டு பேரும் சேர்ந்து பிரிஞ்சதா ஒரு வரி எழுதி கையெழுத்து போடுங்க. இன்னிக்கே முடிஞ்சிடும். வீட்டு விஷயம் உட்கார்ந்து பேசிக்கலாம். ஏமம்மா, நீ என்ன சொல்றே?”

நேசகுமாருக்கு வாயெல்லாம் பல். ரமணாவும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டான். யமுனா டீயை ஒரு வாய் குடித்து, கப்பைக் கீழே வைத்தாள்.

“எழுதுங்க சார். சேர்ந்தே கிள்ளினோம்னு எழுதிக்கட்டும் பாவம். இவரு தனியா எங்க கிள்ளியிருக்கப் போறாரு? முடிச்சே போட வராத கை. நாட்டாண்மை மாமாதான் பாதி ஒடிச்சுக் குடுத்திருப்பாரு.”

“யாரு? யாருக்குக் கை வராது?” ரமணா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“உக்காருப்பா, உக்காரு,” என்று நேசகுமார் சட்டையைப் பிடித்து இழுத்தார். “கையெழுத்து போட்டுட்டு அப்புறம் கோவிச்சுக்கோ.”

“வுடுங்க சார்! இவ சொல்றதைக் கேட்டுக்கினு நான் கையெழுத்து போடறதா? நான் கிள்ளுனேன் சார்! நான் ஒருத்தன்! இதே வலது கையால! எவனும் ஒடிச்சிக் குடுக்கல!”

“அப்படியா?” என்றாள் யமுனா, ரொம்ப சந்தேகமாக.

அந்த ஒரு ‘அப்படியா’வில் ரமணாவின் நிதானம் கழன்றுகொண்டது. மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவினான். ஜட்ஜின் முகத்துக்கு நேரே நீட்டி, “இப்படிக் கிள்ளுனேன்!” என்று மடக்கினான். பச்சை ஈர்க்கு. வளைந்தது, ஒடியவில்லை. மறுபடி மடக்கினான். அது வளையமாக நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரமணா அதை வாயில் வைத்துக் கடித்துத் துப்பினான். அதோடு விட்டானா? துடைப்பத்தையே எடுத்து முட்டியில் வைத்து இரண்டாக முறித்தான். பெருக்குகிற அம்மா கதவோரத்திலிருந்து ஓடிவந்து, “ஐயோ, நேத்துதான்யா புதுசா கட்னேன்!” என்று கத்தினாள்.

ஜட்ஜின் நல்ல மனநிலை அதோடு முடிந்தது. “சமாதானம் வேண்டாமா?”

“வேணாம் சார்! நானே கிள்ளுனேன், என் இஷ்டத்துல கிள்ளுனேன்னு எழுதிக்கோங்க!”

சமாதானம் முறிந்தது. நேசகுமார் தலையில் அடித்துக்கொண்டு மனுவைத் திருத்தி எழுதினார். மனுதாரர் தன் சொந்த விருப்பத்தில், தெளிந்த புத்தியோடு, யாருடைய உதவியும் இல்லாமல், தன் வலது கையால் துரும்பைக் கிள்ளிப்போட்டார். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்தார்.

“இது என்ன சார்?”

“உங்க ஜாதி வழக்கத்துக்கு நீ முழுசா கட்டுப்படறேன்னு. வழக்கம்னு சொல்லிட்டு வந்தா தலை முதல் வால் வரைக்கும் ஒத்துக்கணும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்டா கோர்ட்டு தூக்கிப் போட்டுடும்.”

“கட்டுப்படறேன் சார். வழக்கத்துக்குக் கட்டுப்படாம அப்புறம் நான் மனுசனா?” என்று அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டான் ரமணா. யமுனாவை ஜெயித்துவிட்டது போல இருந்தது அவனுக்கு.

*

இனி சாட்சி வேண்டும். வழக்கத்தைச் சொல்ல நாட்டாண்மையை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் வேதாச்சலம் வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார்.

“நான் பேசிக்கினு இருக்கறப்பவே முதுகைக் காட்டிக்கினு போனவன் நீ. நாட்டாண்மை பேச்சுக்கு மரியாதை வேணாம்? சொல்லி முடிக்க வுட்டியா என்ன?”

“பஸ்ஸு வந்துடுச்சு பெரிநைனா.”

“பஸ்ஸு நாளைக்கும் வரும்டா. என் பேச்சு வருமா?”

ரமணா போய்த் தன் பெட்டியிலிருந்து குவைத் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டான். வேதாச்சலம் அதைத் தடவிப் பார்த்தார். புலி படம் போட்ட கம்பளி. கோபம் கொஞ்சம் இறங்கியது.

“சரி வரேன். ஆனா கேளு, அன்னிக்கு இன்னா சொல்ல வந்தேன்னா...”

“கோர்ட்ல சொல்லு பெரிநைனா. இங்க எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியாத வழக்கமா?”

மறுநாள் நேசகுமாரின் ரூமிலும் அதுதான் நடந்தது. வேதாச்சலம் தன் முப்பாட்டன் கார்வேட்டிநகரம் ராஜாவிடம் தலைப்பாகை வாங்கியதிலிருந்து தொடங்கினார். துரும்புக்கு வந்து சேருவதற்குள் நேசகுமாருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. “போதும் பெரியவரே. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்,” என்று அவர் வாயை அடைத்தார்.

வேதாச்சலத்தின் மூக்கு விடைத்தது. “எவனும் என்ன முழுசா பேச வுடமாட்டீங்கடா,” என்று முணுமுணுத்துக்கொண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டார்.

*

சாட்சி நாளன்று கோபிகிருஷ்ணன் மறுபடியும் வந்திருந்தார். இன்றைக்குக் காயிதம் கைக்கு வரும் என்று ரமணா அவரை வருந்தி அழைத்திருந்தான். வெயில் கொளுத்துகிற நாளில் வேதாச்சலம் புலிக் கம்பளியோடு கூண்டில் ஏறினார்.

நேசகுமார் கேட்டார். “ரமணாவுக்கும் யமுனாவுக்கும் உங்க வழக்கப்படி கல்யாணம் நடந்ததா?”

“நடந்துச்சு. நான்தான் தாலி எடுத்துக் குடுத்தேன்.”

“வழக்கப்படி தீர்வும் நடந்ததா?”

“நடந்துச்சு.”

“துரும்பைக் கிள்ளினது யாரு?”

“ரமணாதான். அவன் ஒருத்தன்தான். அந்தப் பொண்ணு தொடவே இல்ல.”

ரமணா திரும்பி யமுனாவைப் பார்த்தான், எப்படி என்பது போல. யமுனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நேசகுமார் திருப்தியாக உட்காரப் போனார்.

“நீ ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றார் ஜட்ஜ்.

“ஒண்ணே ஒண்ணு சார்.” யமுனா எழுந்தாள். “மாமா, அன்னிக்கு இவரு பஸ்ஸுக்கு ஓடுனப்புறம் நீங்க இன்னா சொன்னீங்க?”

“சார், இது வழக்குக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி!” என்று நேசகுமார் துள்ளி எழுந்தார்.

“அதெல்லாம் எதுக்கு இப்ப? பெரிநைனா, நீ எறங்கு!” என்று ரமணா கத்தினான்.

ஜட்ஜ் மேஜையைத் தட்டினார். “ஆயன்னி செப்பனிவ்வண்டி! அவரைச் சொல்ல விடுங்க! வழக்கத்துக்கு முழுசா கட்டுப்படறேன்னு இவரே எழுதிக் கொடுத்திருக்காரு. முழுசா தெரிய வேணாமா எனக்கு? பெரியவரே, நீங்க சொல்லுங்க. யாரும் குறுக்கே பேசக் கூடாது.”

வேதாச்சலம் கம்பளியை உதறி மடித்துக் கூண்டின் கட்டை மேல் போட்டார். தொண்டையைச் செருமினார். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு சபை முழுவதும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போலவே விரலை உயர்த்தினார்.

“இப்ப எல்லாரும் கேட்டுக்கோங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கிள்ளுனா ஊடு பாதிப் பாதி. ஒருத்தரே கிள்ளுனா, கிள்ளுனவங்க கட்டின துணியோட வெளிய போயிடணும், ஊடு கிள்ளாம நின்னவங்களுக்கு. இத்தச் சொல்றதுக்குள்ளதான் சார் இந்தப் பையன் பஸ் ஏறிட்டான்.”